சிவப்பு மூடி ஊசியும் ஒரு விலக்கு விண்ணப்பமும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போய்விட்டது. கால்நடை மருத்துவக் கவுன்சிலிலிருந்து மாதம் தவறாமல் வரும் சுற்றறிக்கைகளின் அடியில் உங்கள் கையெழுத்து நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வருவதைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அனைவரையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். சொல்வீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் விசாரித்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று பிறகு தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை மருத்துவன் என்ற என் பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விச் சான்றிதழ் வேண்டும் என்று விதி போட்டது கவுன்சில். கவுன்சிலின் செயலாளர் நீங்கள். அந்தச் சான்றிதழ் என்னிடம் இல்லை. பதிவு போனால் மறுநாளிலிருந்து ஒரு நாய்க்குட்டிக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. இந்த வயதில் வேறு தொழிலும் தெரியாது. ஆகவே, அந்தப் பயிற்சியிலிருந்து எனக்கு விலக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதைச் செயலாளருக்கு எழுதிய விண்ணப்பமாக எடுத்துக்கொண்டாலும் சரி, தங்கையின் புருஷன் முதல்முறையாகக் கேட்கும் உதவியாக எடுத்துக்கொண்டாலும் சரி. முதல்முறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கவுன்சில் தேர்தலில் உங்களுக்காக வாக்குக் கேட்டு நான் அலைந்தபோது எதையும் கேட்கவில்லை. ஜெயித்த பிறகு நீங்கள் நன்றி சொன்ன நீண்ட உரையில் என் பெயர் மட்டும் விட்டுப்போனதையும் நான் இதுவரை யாரிடமும் குறிப்பிட்டதில்லை.

பயிற்சிக்குப் போகாமலே விலக்குக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போனேன். மூன்று நாளும் போனேன். முதல் நாள் திரவ சிகிச்சை, இரண்டாம் நாள் மயக்க மருந்து, மூன்றாம் நாள் நீரிழிவு. இடம், ஒரு மரச்சாமான் கடையின் மாடி. கீழே விற்காத நாற்காலிகளைத்தான் மேலே எங்களுக்குப் போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. யாராவது ஒருவர் கால் மாற்றிப் போட்டால் அறை முழுவதும் சரசரத்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். மேடையில் ஏறியவனைப் பார்த்த பிறகுதான் பொறுமை போயிற்று. என்னோடு கல்லூரியில் படித்தவன். நாங்கள் அவனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவோம். ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குறிப்பாக மயக்கவியல் வகுப்பில் அவன் விழித்திருந்து யாரும் பார்த்ததில்லை. வெளிநாட்டு மேற்படிப்புக்கு எங்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. அவன்தான் இப்போது மயக்கவியலில் பெரிய ஆள்; ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிறான். மேடையில் நின்று, "கத்துக்கிறதுக்கு வயசு ஒரு தடையே இல்ல" என்றான். அறையில் அறுபது பேர் இருந்தோம். அவன் பார்த்தது என்னை.

முதல் நாள் கணக்கு கொடுத்தான். வாந்தியும் பேதியுமாக வந்த ஒரு நாய். தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது. உடம்பில் எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது, இனி எவ்வளவு குறையும், ரத்தக்குழாயில் ஏற்றும் சொட்டு மருந்தை எந்த வேகத்தில் விட வேண்டும் என்று போடச் சொன்னான். நான் தினமும் செய்கிற வேலை; மனக்கணக்காகவே போட்டு விடையை எழுதி வைத்தேன். என் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணை மருத்துவர். தங்கமான மனிதர், வாழ்நாளில் சொட்டு மருந்துப் பாட்டிலைத் தொட்டதில்லை. "சார், கோழிக்கு யார் சார் டிரிப் போடுறாங்க? ஒண்ணு சுருண்டு விழுந்தா மிச்சம் இருக்கிறத எப்படிக் காப்பாத்தறதுன்னு பாப்போம், அவ்வளவுதான். இது எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார். நான் காதோடு காதாக ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு படியாக எழுதினார். அவருக்கு முழு மதிப்பெண். எனக்குப் பாதி. "விடை சரி, வழி காட்டப்படவில்லை" என்று என் தாளில் தூங்குமூஞ்சி எழுதியிருந்தான். வழி எங்கே இருந்தது என்பது கோழி டாக்டருக்குத் தெரியும். பாவம், மத்தியானம் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள்தான் என் சான்றிதழ் போனது. மயக்க வாயு இயந்திரத்தில் ஒரு வால்வு உண்டு. செயலாளர் வேலைக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டதால் நினைவுபடுத்துகிறேன். மிச்சக் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அந்த வால்வை மூடி, காற்றுப் பையை அமுக்கிப் பார்த்துவிட்டு, மறக்காமல் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் காற்று போக வழியில்லாமல் நோயாளியின் நெஞ்சு ஊதிக்கொண்டே போகும். ஒரு பொம்மை நாயை மேசையில் படுக்க வைத்து, என்னைக் கூப்பிட்டார்கள். நான் முறைப்படி வால்வை மூடினேன், பையை அமுக்கினேன், கசிவு இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து, "சீனியர் டாக்டர்ஸ் நிறைய பேர் இந்த டெஸ்ட்டப் பண்றதே இல்ல" என்று தூங்குமூஞ்சி மற்றவர்களிடம் சொன்னான். நான் திரும்பினேன்.

"யாரு பண்றதில்ல? நான் ஒரு நாள் விட்டதில்ல."

"பொதுவாச் சொன்னேன் டாக்டர்."

"பொதுவாச் சொல்றவன் ஏன் என்னப் பாத்துச் சொல்ற?"

"சார்," என்றார் கோழி டாக்டர்.

"இருங்க. உனக்குக் கசிவுன்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே நான்டா."

"சார், அந்தப் பந்து பெருசாகுது சார்."

காற்றுப் பை கால்பந்தாகி, கால்பந்து பூசணியாகி, பொம்மை நாயின் நெஞ்சு தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு இயந்திரம் ஊளையிட்டது. கடைசியில் அதற்குள் இருந்து ஒரு பெண் குரல், கொஞ்சமும் பதற்றமில்லாமல், "நோயாளி இறந்துவிட்டது" என்று அறிவித்தது. அறுபது பிளாஸ்டிக் உறைகளும் ஒரே நேரத்தில் சரசரத்தன. தூங்குமூஞ்சி வால்வைத் திறந்துவிட்டு, "டெஸ்ட் பண்றீங்க டாக்டர், ஒத்துக்கிறேன்" என்றான். என் பெயருக்கு நேரே, அடுத்த பயிற்சித் தொகுதியில் மீண்டும் வரவும் என்று எழுதினான். மாதம் முடிவதற்குள் இன்னொரு தொகுதி இருக்கிறதாம். நான் போகமாட்டேன். உயிருள்ள நாய் மேசையில் இருந்திருந்தால் நான் யார் பேச்சுக்கும் திரும்பியிருக்கமாட்டேன். பொம்மையைக் கொன்றதற்காக ஒருவனின் தொழிலைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம் நாள் நீரிழிவு. இங்கே உங்கள் அம்மாவின் பூனை வருகிறது, கவனித்துப் படிக்கவும். ராசாவுக்குச் சர்க்கரை வியாதி என்பது உங்களுக்குத் தெரியும். கழுத்து எது, வயிறு எது என்று தெரியாத அந்த உடம்புக்கு அது வராவிட்டால்தான் ஆச்சரியம். வைத்தியம் பார்த்தது நான். ஆனால் நேரில் பார்க்கவில்லை. ஏன் என்றும் உங்களுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு, உங்கள் பெற்றோரின் புது வீட்டு விருந்தில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உங்கள் அம்மா என்னைக் காட்டி, "மாப்பிள்ளை டாக்டர்தான், ஆனா மாட்டு டாக்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், கைக்குட்டையால் வாயைத் துடைப்பது போலச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆகவே ராசாவின் வைத்தியம் முழுவதும் உங்கள் தங்கை மூலமாகத் தொலைபேசியிலேயே நடந்தது. ஒரு யூனிட் இன்சுலின், காலையும் மாலையும் என்று ஆரம்பித்தேன். உங்கள் அப்பா தன் சர்க்கரையைப் பார்க்கும் கருவியிலேயே பூனையின் காதையும் குத்திப் பார்த்துச் சொல்வார். "என்னங்க, நானூறாம்" என்பாள் உங்கள் தங்கை. இரண்டாக்கச் சொன்னேன். "என்னங்க, எறங்கவே இல்லையாம்." மூன்று. நான்கு. ஐந்தில் ஒரு வழியாக இறங்கியது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அன்றைய வகுப்பில் தூங்குமூஞ்சி ஒன்று சொன்னான்: "டோஸ ஏத்தறதுக்கு முன்னாடி, அந்த வீட்டுல எந்த ஊசியில, எப்படிப் போடறாங்கன்னு ஒரு தடவ உங்க கண்ணால பாருங்க." எனக்கு அது காதில் விழுந்தது. பொம்மை நாய் விஷயத்தில் கவுன்சிலுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்ததால் விழுந்ததோடு சரி. மாலையில் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் பை உண்டு. அந்த மட்டுக்குத் தாராள மனது. உள்ளே ஒரு பேனா, ஒரு துவாலை, விலங்குகளுக்கான இன்சுலின் ஊசிகள் ஒரு பெட்டி. ஊசி நமக்கு எதற்கு, ராசாவுக்கு ஆகட்டும் என்று உங்கள் தங்கை எடுத்துப்போய் உங்கள் அம்மாவிடம் கொடுத்தாள். நான்தான் கொடுத்தனுப்பினேன். நான்கு வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் செய்த முதல் நல்ல காரியம்.

மறுநாள் பகலில் உங்கள் அப்பா பேசினார். "மாப்ள, ராசா நடக்கறது சரியில்ல. குடிச்சவன் மாதிரி சாயறான். சுவத்துல போய் முட்டறான்." சட்டை மாற்றாமல் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேனா என்று எனக்கு நினைவில்லை; கழற்றவில்லை என்று உங்கள் அம்மா சொல்கிறார். ராசா சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்து அலமாரியில் உங்கள் அப்பாவின் மருந்துத் தட்டு. அதில் ஆரஞ்சு மூடி போட்ட ஊசிகள் நிறைய. அவற்றின் மேலே, புதிதாகப் பிரித்த ஒன்று, சிவப்பு மூடி. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

உங்களுக்கும் விளங்கியிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். ராசாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது விலங்குகளுக்கான இன்சுலின். மனிதர் போட்டுக்கொள்வதைவிட நீர்த்தது. அதற்குச் சிவப்பு மூடி ஊசி. கோடுகளும் அதற்கு ஏற்றபடி இருக்கும். உங்கள் அப்பா தன் ஆரஞ்சு மூடி ஊசியிலேயே அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊசியில் ஐந்தாம் கோடு வரை எடுத்தால் பூனைக்குள் போவது இரண்டு யூனிட்தான். அதனால்தான் சர்க்கரை இறங்காமல் அடம்பிடித்தது. அதனால்தான் நான் ஏற்றிக்கொண்டே போனேன். இப்போது நான் அனுப்பிய சரியான ஊசியில் அதே ஐந்தாம் கோடு வரை எடுத்தார். முதல்முறையாக நிஜமான ஐந்து யூனிட் உள்ளே போயிற்று. இரண்டரை மடங்கு. அந்த வீட்டில் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நல்லபடியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. உங்கள் பயிற்சிப் பை வந்து அதில் ஒன்றை மட்டும் திருத்தியது.

"சர்க்கரை டப்பா எங்க அத்தை?" என்று கேட்டேன். நான்கு வருடம் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"எதுக்கு?"

"ராசாவுக்கு."

"சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரையா? என்னய்யா படிச்சீங்க?"

டப்பாவை நானே தேடி எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, வாய்க்குள் ஊற்றாமல் ஈறில் தேய்த்தேன். ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ராசா என் விரலைக் கடித்தான். கடிக்கத் தெம்பிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பூனையை உங்கள் அம்மா மடியில் வைத்துக்கொள்ள, உங்கள் அப்பா முன்னால் உட்கார, எங்கள் மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டினேன். ரத்தக்குழாய் கிடைக்கவில்லை, முன்காலில் மயிரை மழித்து, மூன்றாவது குத்தில் கிடைத்தது. குளுக்கோஸை அப்படியே ஏற்றினால் குழாய் வெந்துவிடும். நீர்க்க வைத்து, மெதுவாக ஏற்றி, பிறகு சொட்டு மருந்திலும் கலந்து விட்டேன். வேகத்தை மனக்கணக்காகப் போட்டேன். பிறகு ஏனோ தாளில் ஒவ்வொரு படியாக எழுதியும் பார்த்தேன். இழுப்பு நின்றது. வெகுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என் பதிவைப் பற்றியோ உங்கள் கவுன்சிலைப் பற்றியோ நினைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ராசா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி கிடையாது. உங்கள் குடும்ப ஜாடை அப்படியே இருந்தது.

"ஏன் இப்படி ஆச்சு?" என்றார் உங்கள் அம்மா. நான் ஊசி விஷயத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை, ஐந்து யூனிட் போடச் சொன்னது நான், புது ஊசியைக் கொடுத்தனுப்பியதும் நான் என்றும் சொன்னேன்.

"எந்த ஊசின்னு மாமா எங்கிட்டச் சொல்லல அத்தை."

"நீங்க கேக்கல மாப்ள" என்றார் உங்கள் அப்பா. "வீட்டுலதான் பெட்டி பெட்டியாக் கெடக்கே, ஊசி ஊசிதானேன்னு நெனச்சேன்."

"கேக்கணும்னா வீட்டுக்கு வரணும்ல" என்றார் உங்கள் அம்மா. "ஒரே ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கும்."

"வர்ற மாதிரியா பேசினீங்க?"

"நான் என்ன பேசினேன்?"

"விருந்துல. மாட்டு டாக்டர்னீங்க."

"மாட்டு டாக்டர மாட்டு டாக்டர்னு சொல்லாம, பல் டாக்டர்னா சொல்லுவாங்க?"

"நீங்க சொன்னது எனக்குப் பெரிசில்ல. 'ஆனா'ன்னு ஒண்ணு போட்டீங்க பாருங்க, அதுதான்."

உங்கள் அம்மா ராசாவின் மழித்த காலை முந்தானையால் மூடிவிட்டார். பூனைக்குக் குளிரும் என்று நினைத்தாரோ, நான் மழித்தது பார்க்க நன்றாக இல்லை என்று நினைத்தாரோ தெரியாது. ராசா தேறி வீட்டுக்குப் போனான்.

இனி நீங்கள் யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் பை கிடைத்திருக்காது. பை கிடைக்காவிட்டால் ஊசி மாறியிருக்காது. ஊசி மாறாவிட்டால் ராசா அன்றும் யாரையாவது பிறாண்டிக்கொண்டு சுகமாக இருந்திருப்பான். அவனைக் காப்பாற்றியது நான் பழைய காலத்தில் படித்த படிப்பு. ஆபத்தில் தள்ளியது உங்கள் தொடர்கல்வி. வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்கள். பையைக் கொடுத்த பிறகு இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். ஆகவே, இத்தனை வருடம் தொழில் செய்தவர்களுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை என்று விதியைத் திருத்தி, முதல் விலக்கை எனக்கு அளிக்க வேண்டும். தூங்குமூஞ்சியை மேடையிலிருந்து இறக்க முடிந்தால் அதையும் செய்யவும். பயிற்றுநராக யாரைப் போடலாம் என்று கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். கோழி டாக்டருக்குக் கொடுத்த சான்றிதழைப் பிடுங்க வேண்டாம், அவர் நல்லவர்.

வேறு விசேஷம் இல்லை. மழை இல்லை. என் முதுகுவலி அப்படியே இருக்கிறது. இதையும் நீங்கள் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், உங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அதுவும். உத்தரவை எதிர்பார்த்து,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். இனிமேல் ராசாவுக்கு வேளைக்கு வேளை நானே நேரில் வந்து ஊசி போட வேண்டுமாம். உங்கள் அப்பா ஊசியைத் தொடக் கூடாதாம். சரி என்றேன். அதோடு விடவில்லை. பொம்மை நாய் விஷயத்தை உங்கள் தங்கை அவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். "பொம்மையையே கொன்னவர்கிட்ட எப்படி நம்பிக் குடுக்கிறது? படிச்சு முடிச்சு அந்தச் சர்டிபிகேட்டக் கொண்டாந்து காட்டுங்க. அதுவரைக்கும், பாடம் எடுத்தாரே அந்த டாக்டர், அவர் பக்கத்துல நின்னு பாக்கட்டும்" என்றார். தூங்குமூஞ்சிக்கு யார் போன் செய்தார்கள் என்று தெரியாது, உடனே ஒத்துக்கொண்டான். தினமும் காலையிலும் மாலையிலும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். "சிவப்பு மூடி, கரெக்ட்" என்கிறான். இரண்டு யூனிட்டில் ராசாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முதல் காபி அவனுக்குத்தான் வருகிறது. ஆறின பிறகு எனக்கு. இதை உங்கள் அம்மாவின் சாப்பாட்டு மேசையில், ராசா சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

ஆகவே மச்சான், மேலே கண்ட விண்ணப்பத்தைக் கிழித்துப் போடவும். எனக்கு விலக்கு வேண்டாம். விதியைத் திருத்த வேண்டாம். யாரையும் மேடையிலிருந்து இறக்க வேண்டாம். அடுத்த தொகுதியில், எப்பாடு பட்டாவது, எனக்கு ஓர் இடம் போடவும். தாமதிக்காமல் போடவும்.

"முதல் வரிசைன்னு சேத்து எழுதுங்க" என்கிறார் உங்கள் அம்மா, எதிர் நாற்காலியிலிருந்து.

முதல் வரிசை.